இணையச் சந்தையில் நமக்கும் ஓர் இருக்கை

துவரம் பருப்பு கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினால் நமது வணிகப் பெருமக்களுக்கு அன்று காலையிலேயே தகவல் வந்துவிடுகிறது. எந்த மண்டியில் ஏறியது, ஏற்றியவர் யார், எப்போது இறங்கும் என்பதையெல்லாம் கடை திறப்பதற்குள் பேசி முடித்துவிடுகிறோம். ஆனால் நம்மில் பலரும் விலை கொடுத்து வாங்கும் ஒரு சரக்கு 2021 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஒரு தடவையாக நான்கு தடவை விலை ஏறியது. அதைப் பற்றி எந்தக் கடை வாசலிலும் பேச்சு எழவில்லை. அந்தச் சரக்கின் பெயர் ‘டாட் காம்’.

கடையின் பெயரை இணையத்தில் பதிவு செய்து, ‘டாட் காம்’ என்று முடியும் முகவரியை வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். நம்மிடம் சந்தா வாங்குபவர் சில்லறை வியாபாரி. அவரைப் போல உலகெங்கும் பலர் உண்டு, போட்டியும் உண்டு. ஆனால் அவர்கள் எல்லோரும் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி ஒருவர்தான். அமெரிக்காவில் உள்ள வெரிசைன் என்ற நிறுவனம் அது. ஒரு பெயருக்கு ஆண்டு மொத்த விலை 7.85 டாலராக இருந்தது. நான்கு ஏற்றங்களுக்குப் பிறகு 2024 செப்டம்பர் 1 முதல் 10.26 டாலர் ஆயிற்று. உலகில் ‘டாட் காம்’ பெயர்கள் 15 கோடிக்கு மேல் இருக்கின்றன. ஒரு பெயருக்கு ஒரு டாலர் கூடினால் ஆண்டுக்கு 15 கோடி டாலர் கூடுதல் வரவு. கணக்குத் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த ஏற்றத்துக்கு அமெரிக்க அரசின் வணிகத் துறை 2018-ல் வழி விட்டது. அதை ஒப்பந்தத்தில் சேர்ப்பது பற்றி 2020-ன் தொடக்கத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கருத்துகள் வந்தன. பெரும்பாலானவை எதிர்ப்பு. ஆனாலும் மார்ச் மாதம் ஒப்பந்தம் திருத்தப்பட்டது.

கருத்துக் கேட்டார்கள், சொன்னோம், நடக்கவில்லை. அப்படியானால் இணையத்தில் சாமானியனின் குரலுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. ஆனால் எல்லாச் சமயத்திலும் இல்லை. எப்படிச் சொன்னாலும் எடுபடும் என்பதும் இல்லை. எங்கே எடுபட்டது, எங்கே எடுபடவில்லை, ஏன் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சந்தையின் நிர்வாகம் யார் கையில்?

இணையம் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. கம்பிகளும் கோபுரங்களும் பல நிறுவனங்களுக்குச் சொந்தம். ஆனால் ஒரு பெயரைத் தட்டினால் உலகில் எந்த மூலையிலிருந்தும் ஒரே கடைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், எந்தப் பெயர் யாருடையது என்பதற்கு ஒரே பேரேடு இருக்க வேண்டும். இரண்டு பேரேடு இருந்தால் சந்தை குழம்பிவிடும்.

இணையத்தின் ஆரம்ப நாட்களில் இந்த வேலையை ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க அறிஞர் பார்த்து வந்தார். அப்போது பெயருக்குக் காசு கிடையாது. 1995 செப்டம்பரில்தான் முதன்முதலாக இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் போடப்பட்டது. வியாபாரம் பெருகியதும் தகராறுகளும் பெருகின. 1998-ல் கலிபோர்னியாவில் லாப நோக்கமில்லாத ஒரு நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதன் சுருக்கப் பெயர் ஐகேன். அதே ஆண்டு அக்டோபரில் போஸ்டல் காலமானார். அன்று முதல் இணையப் பெயர்களின் பேரேட்டுக்கு விதி எழுதும் இடம் ஐகேன்தான்.

நமது ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களை நினைத்துப் பாருங்கள். விளைவிப்பவர், வாங்குபவர், தரகர், எடை போடுபவர் என்று பலர் வந்து போகும் இடம் அது. எடைக்கூலி எவ்வளவு, ஏலம் எத்தனை மணிக்கு என்ற விதியை யார் எழுதுகிறாரோ அவருக்கே அந்தச் சந்தையில் பலம். ஐகேனிலும் பெயர்களை மொத்தமாக விற்பவர்களுக்கு இடம் இருந்தது. சில்லறையாக விற்பவர்களுக்கு இடம் இருந்தது. தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு இடம் இருந்தது. அரசாங்கங்களுக்கு இடம் இருந்தது. காசு கொடுத்துப் பெயர் வாங்குபவனுக்கும், அந்தப் பெயரை நம்பி வந்து போகும் வாடிக்கையாளனுக்கும் எங்கே இடம் என்பதுதான் கேள்வி.

வந்த தேர்தலும் போன தேர்தலும்

ஆரம்பத்தில் கொடுத்த வாக்குறுதி பெரியது. 19 இயக்குநர்களில் 9 பேரைச் சாதாரண இணையப் பயனாளர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லப்பட்டது. முதல் தவணையாக 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐந்து இடங்களுக்கு உலகத் தேர்தல் நடந்தது. கண்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. பதினாறு வயது நிறைந்து, மின்னஞ்சல் முகவரியும் தபால் முகவரியும் உள்ள எவரும் வாக்காளராகலாம். ஒருவரே பல பெயரில் வாக்களிக்காமல் இருக்க, ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பி வைத்தார்கள். உலக அளவில் கணினி வழியே பொதுமக்கள் வாக்களித்த முதல் முயற்சிகளில் இது ஒன்று.

முடிவு என்ன? சுமார் 1,58,000 பேர் பதிவு செய்தார்கள். தபாலில் வந்த எண்ணைக் கொண்டு பதிவை உறுதி செய்தவர்கள் சுமார் 76,000 பேர். வாக்களித்தவர்கள் சுமார் 34,000 பேர். அப்போது உலகில் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 36 கோடி. பத்தாயிரத்துக்கு ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஆள் சேர்க்கும் முயற்சி மும்முரமாக நடந்ததால் அந்த நாடுகளிலிருந்து வாக்காளர்கள் குவிந்தார்கள். மற்ற நாடுகள் பின்தங்கின. இந்தியா உள்ளிட்ட ஆசிய–பசிபிக் பகுதிக்கான இடம் ஜப்பான் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மசனோபு கட்டோவுக்குப் போயிற்று.

தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவரில் ஒருவர் வட அமெரிக்காவின் கார்ல் அவர்பாக். அவர் இயக்குநர் என்ற முறையில் நிறுவனத்தின் கணக்குகளையும் ஆவணங்களையும் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நிர்வாகம் நிபந்தனைகள் போட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2002 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஆவணங்களைக் காட்டும்படி உத்தரவிட்டது.

நமது முன்னோர் ஏற்படுத்திய மகமை முறையில் ஒரு நியாயம் இருந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவில் கொடுத்தவன் பொதுக்கணக்கைக் கேட்கலாம் என்பதுதான் அது. இணையப் பெயரிலும் மகமை உண்டு. நாம் கட்டும் சந்தாவிலிருந்து பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 20 சென்ட் ஐகேனுக்குப் போகிறது. சிறு தொகைதான். ஆனால் கோடிக்கணக்கான பெயர்கள் சேரும்போது அந்த நிறுவனமே அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. ஆகவே அவர்பாக் கேட்ட கணக்கு அவருக்காக மட்டும் கேட்டது அல்ல.

வழக்கில் வென்றார்; ஆனால் இருக்கை போயிற்று. 2002-ல் ஐகேன் தனது விதிகளைத் திருத்தி எழுதியபோது நேரடித் தேர்தல் முறை கைவிடப்பட்டது. வாக்காளர் எண்ணிக்கை குறைவு, கூட்டம் சேர்ப்பவர் கைப்பற்றிவிடலாம், செலவு அதிகம் என்று காரணங்கள் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் குறை உள்ள தராசைச் சரி செய்வது ஒன்று. தராசையே எடுத்துவிடுவது வேறு.

நேரடி வாக்குக்குப் பதிலாக 15 பேர் கொண்ட பயனாளர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார்கள். உலகை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு இருவர் வீதம் பத்துப் பேரை அந்தந்த மண்டலத்தின் பயனாளர் அமைப்புகள் தேர்ந்தெடுக்கும். மீதி ஐந்து பேரை நியமனக் குழு தேர்ந்தெடுக்கும். ஐந்து மண்டல அமைப்புகளும் 2006 டிசம்பர் முதல் 2007 ஜூன் வரையான காலத்தில் உருவாயின. ஆலோசனை சொல்லலாம்; வாக்கு இல்லை. இது கண்துடைப்பு என்று அன்று பலர் சொன்னார்கள். ஆனால் அந்த ஆலோசனைக் குழு எழுப்பிய ஒரு பிரச்சினை, வணிகர்களாகிய நாம் நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியது.

ஐந்து நாள் திருப்பும் வியாபாரம்

இணையப் பெயர் வாங்கியவர் எழுத்துப் பிழை போன்ற காரணங்களால் ஐந்து நாளுக்குள் வேண்டாம் என்று ரத்து செய்தால் மொத்த வியாபாரி முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விதி. ஆனால் சில கெட்டிக்காரர்கள் இதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள்.

ஒரே நாளில் லட்சக்கணக்கான பெயர்களை எடுப்பார்கள். புகழ்பெற்ற கடைகளின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றியவை, காலாவதியான பெயர்கள், வாயில் நுழையும் எதுவானாலும் சரி. ஒவ்வொன்றிலும் ஒரு விளம்பரப் பக்கத்தைப் போட்டு, வழி தவறி வருபவர்களை எண்ணுவார்கள். ஐந்தாம் நாள் கணக்குப் பார்த்து, விளம்பர வருமானம் சந்தாவைவிட அதிகம் வரும் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் திருப்பிவிடுவார்கள். சிலர் திருப்பிய கையோடு அதே பெயரை மறுபடி எடுத்து, காசே கட்டாமல் நாளைக் கடத்தினார்கள். மண்டியில் ஆயிரம் மூட்டையைக் கடனுக்கு எடுத்து, ஐந்து நாள் கடை முன் அடுக்கி வைத்துக் கூட்டம் சேர்த்துவிட்டு, பத்து மூட்டைக்கு மட்டும் காசு கொடுத்து மீதியைத் திருப்பினால் எந்த மண்டிக்காரர் பொறுப்பார்? ஆனால் இங்கே மண்டிக்காரருக்குச் சரக்கு தேய்வதில்லை. நஷ்டம் வேறு ஒருவருக்கு. தன் கடைக்குப் பொருத்தமான பெயரைத் தேடி வந்த நேர்மையான வியாபாரிக்கு அது கிடைக்காது. ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிய அவரது வாடிக்கையாளர் வேறு எங்கோ போய்ச் சேருவார்.

விற்பவர்கள் தரப்பிலிருந்து இதை முதலில் எழுப்ப யாருக்கும் அவசரமில்லை. 2007-ல் பயனாளர் ஆலோசனைக் குழுதான், ஐகேன் விதியில் தனக்கு இருந்த ஓர் உரிமையைப் பயன்படுத்தி, இதுபற்றி முறையான ஆய்வறிக்கை வேண்டும் என்று கோரியது. குழுவுக்கு வாக்கு இல்லை; ஆனால் அப்படிக் கோரினால் நிர்வாகம் அறிக்கை தயாரித்தே ஆக வேண்டும். அறிக்கை வந்தது, விவாதம் வந்தது. 2008 நடுவில் அளவுக்கு மீறித் திருப்பும் பெயர்களுக்கு 20 சென்ட் கட்டணம் விதிக்கப்பட்டது. 2009 ஏப்ரலில் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத்தில் புதிதாக எடுத்த பெயர்களில் பத்து சதவீதம், அல்லது 50 பெயர், இவற்றில் எது அதிகமோ அதுவரைதான் பணம் திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் திருப்பினால் முழு விலையும் போகும்.

பலன்? 2008 ஜூனுக்கும் 2009 ஏப்ரலுக்கும் இடையில் இவ்வாறு திருப்பப்பட்ட பெயர்களின் எண்ணிக்கை 99.7 சதவீதம் குறைந்ததாக ஐகேன் தன் அறிக்கையில் தெரிவித்தது. கட்டணம் வேண்டாம் என்று பொதுவாகக் கூச்சலிட்டிருந்தால் இது நடந்திராது. இன்ன விதி, இன்ன ஓட்டை, இன்னாருக்கு நஷ்டம், இப்படி அடைக்கலாம் என்று சொன்னதால் நடந்தது. சொன்னவர்களுக்குச் சொல்லும் உரிமை எழுத்தில் இருந்ததாலும் நடந்தது.

‘டாட் ஆர்க்’ விற்பனை நின்ற கதை

‘டாட் ஆர்க்’ என்று முடியும் பெயர்களைப் பெரும்பாலும் அறக்கட்டளைகள், சங்கங்கள், மருத்துவத் தொண்டு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டும். இதை நடத்துவது ‘இன்டர்நெட் சொசைட்டி’ என்ற லாப நோக்கமில்லாத அமைப்பின் கீழ் உள்ள ஒரு நிறுவனம். ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு இருந்தது. 2019-ல் அந்த வரம்பை நீக்கலாமா என்று ஐகேன் கருத்துக் கேட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதினார்கள். ஏறக்குறைய அத்தனை பேரும் நீக்க வேண்டாம் என்றார்கள். ஜூன் 30-ல் வரம்பு நீக்கப்பட்டது.

அதே ஆண்டு நவம்பர் 13-ல் வெளிவந்த செய்தி எல்லோரையும் உலுக்கியது. அந்த நிறுவனத்தை ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் போகிறார்கள், விலை 113.5 கோடி டாலர் என்று பிறகு தெரிய வந்தது. வரம்பும் இல்லை, இனி லாப நோக்கமும் உண்டு என்றால் சந்தா எங்கே போய் நிற்கும்?

இந்த முறை பெயர் வைத்திருந்தவர்கள் தனித்தனியாகக் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை. எண்ணூறுக்கு மேற்பட்ட அமைப்புகள் ஒரே வேண்டுகோளில் கையெழுத்திட்டன. 2020 ஜனவரி 24-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஐகேன் தலைமை அலுவலகத்தின் முன் கூடிப் போராடினார்கள். ஐகேன் கலிபோர்னியாவில் பதிவான பொதுநல நிறுவனம் ஆதலால், அந்த மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் பிரச்சினை போயிற்று. அவர் ஏப்ரல் 15-ல் இந்த விற்பனைக்கு ஒப்புதல் தர வேண்டாம் என்று எழுதினார். ஏப்ரல் 30-ல் ஐகேன் இயக்குநர் குழு ஒப்புதல் தர மறுத்தது. லாப நோக்கமில்லாத அமைப்பு லாப நோக்குள்ள கம்பெனியாக மாறுவதும், வாங்குபவர் 36 கோடி டாலர் கடனை அந்த நிறுவனத்தின் தலையில் ஏற்றுவதும் மறுப்புக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

2019-ல் மூவாயிரம் கடிதங்கள் தோற்றன. 2020-ல் விற்பனை நின்றது. ஆட்கள் கிட்டத்தட்ட அவர்களே. முதல் தடவை அவர்கள் கருத்துச் சொன்னார்கள். இரண்டாம் தடவை ஒன்றுசேர்ந்து, பதில் சொல்லக் கடமைப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்து அங்கே போய்ச் சொன்னார்கள்.

நம் நாட்டில் நடந்தது

இது வெளிநாட்டுக் கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். இந்தியாவில் 2015-ல் நடந்தது நமது கல்லாப்பெட்டியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

அந்த ஆண்டு மார்ச் 27-ல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 20 கேள்விகள் அடங்கிய நீண்ட கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஏப்ரலில் ‘ஏர்டெல் ஜீரோ’ திட்டம் அறிவிக்கப்பட்டது. குறிப்பிட்ட செயலிகளைப் பார்க்க வாடிக்கையாளர் டேட்டா காசு தர வேண்டாம். அந்தக் காசைச் செயலிக்காரர் தொலைபேசி நிறுவனத்துக்குக் கட்டிவிடுவார் என்பது திட்டம். இலவசம் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் கடைக்காரர் கண்ணோடு பாருங்கள். கோடி முதலீடு உள்ள பெரிய விற்பனை நிறுவனத்தின் கடைக்குப் போகும் சாலையில் சுங்கம் இல்லை. நமது தெரு மளிகைக் கடையின் பக்கத்துக்கு வரும் சாலையில் சுங்கம் உண்டு. வாடிக்கையாளர் எந்தப் பக்கம் திரும்புவார்?

இளைஞர்கள் சிலர் சேர்ந்து அந்த நீண்ட அறிக்கையைச் சுருக்கி எல்லோருக்கும் புரியும்படி எழுதினார்கள். இருபது கேள்விகளுக்கும் பதில் தயார் செய்து, விரும்பியவர் திருத்தி அனுப்ப வசதி செய்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. அந்தத் திட்டத்தில் சேருவதற்குப் பேச்சு நடத்தி வந்த ஃபிளிப்கார்ட் நிறுவனம் ஏப்ரல் 14-ல் விலகிக்கொண்டது.

கதை அதோடு முடியவில்லை. டிசம்பரில் டிராய் இரண்டாவது கலந்தாய்வைத் தொடங்கி, ஆளுக்கொரு கட்டணம் வைக்கலாமா என்பது பற்றி நான்கு கேள்விகள் கேட்டது. இம்முறை தனது ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு ஆதரவாக ஃபேஸ்புக் நிறுவனம் தன் பயனாளர்களைக் கொண்டு லட்சக்கணக்கில் ஒரே மாதிரிச் செய்திகளை அனுப்ப வைத்தது. எண்ணிக்கைதான் வெற்றி என்றால் அவர்களே வென்றிருக்க வேண்டும். ஆனால் அச்செய்திகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை, இது கருத்துக் கணிப்பு அல்ல என்று டிராய் அந்த நிறுவனத்துக்கு எழுதியது.

2016 பிப்ரவரி 8-ல் டிராய் ஒழுங்குமுறையை வெளியிட்டது. எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வாங்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வீதம் 50 லட்சம் ரூபாய் வரை கட்ட வேண்டும். அவசர காலச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு. இந்த ஒழுங்குமுறை இல்லாமல் போயிருந்தால், சிறு கடைக்காரர் தன் பக்கத்தைத் திறந்து வைப்பதற்கே ஒவ்வொரு தொலைபேசி நிறுவனத்திடமும் கைகட்டி நிற்க வேண்டி வந்திருக்கும்.

‘ஸ்ரீ’ என்ற ஓர் எழுத்துக்கு எத்தனை விதி!

நமது மொழிக்கும் இந்த விஷயத்தில் நேரடிச் சம்பந்தம் உண்டு. 2010, 2011 ஆண்டுகளில் ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’, ‘இந்தியா’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் இணையப் பெயர்கள் நடைமுறைக்கு வந்தன. பெருமைக்குரிய விஷயம். ஆனால் தமிழில் பெயர் வரும்போது தமிழுக்கே உரிய சிக்கல்களும் வரும்.

நம் ஊர்களில் எத்தனை கடைகளின் பெயர் ‘ஸ்ரீ’ என்று தொடங்குகிறது! கணினியில் இந்த எழுத்தை இரண்டு வகையாக அமைக்கலாம். ‘ஸ’ என்ற எழுத்தை அடியாக வைத்து அமைப்பது ஒரு வகை. 2005-ல் யூனிகோடு எழுத்து வரிசையில் சேர்ந்த ‘ஶ’ என்ற எழுத்தை அடியாக வைத்து அமைப்பது இன்னொரு வகை. திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு. ‘ஔ’ என்ற ஓர் எழுத்துக்கும், ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுவதற்கும் இதே கதைதான். விதி இல்லாவிட்டால், ஒரு கடையின் பெயரைக் கண்ணுக்குத் துளியும் வித்தியாசம் தெரியாமல் இன்னொருவர் பதிவு செய்து நமது வாடிக்கையாளரிடம் பணம் வாங்கலாம்.

அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் எப்படித் தெரியும்? தமிழ் தெரிந்தவர் ஒருவர் அந்த அறையில் இருந்தால்தான் தெரியும். தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய எழுத்து முறைகளுக்கு, இணையப் பெயரின் கடைசிப் பகுதியில் எந்த எழுத்துகள் வரலாம், எவற்றை ஒன்றாகக் கருத வேண்டும் என்று ஆராய ‘நியோ பிராமி’ குழு என்ற பெயரில் அறிஞர்களும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் தொண்டாகக் கூடி வேலை செய்து விதிகளை எழுதிக் கொடுத்தார்கள். பெயர் வெளியே தெரியாத இத்தகையவர்களின் உழைப்பும் சாமானியனின் குரல்தான்.

இன்றைய நிலை

நேரடித் தேர்தல் திரும்பி வரவில்லை. ஆனால் பயனாளர் தரப்பு கொஞ்சம் கொஞ்சமாக இடம் பிடித்திருக்கிறது. 2010 டிசம்பர் முதல் ஐகேனின் வாக்குரிமை உள்ள 16 இயக்குநர்களில் ஒருவரைப் பயனாளர் அமைப்புகள் தேர்ந்தெடுக்கின்றன. 2016 அக்டோபரில் அமெரிக்க அரசின் மேற்பார்வை ஒப்பந்தம் முடிவுக்கு வந்தபோது, அந்த இடத்தில் ஐந்து தரப்புகளின் கூட்டு அதிகாரம் வைக்கப்பட்டது. அந்த ஐந்தில் ஒன்று பயனாளர் ஆலோசனைக் குழு. நிர்வாகத்தின் வரவு–செலவுத் திட்டத்தை நிராகரிக்கவும், இயக்குநர்களை நீக்கவும் இந்தத் தரப்புகள் சேர்ந்தால் முடியும். 2018 முதல் 2022 வரை ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்தவர் பசிபிக் கடலில் உள்ள குக் தீவுகளைச் சேர்ந்த மவுரீன் ஹில்யார்டு என்ற பெண்மணி. சுமார் பதினைந்தாயிரம் பேரே வசிக்கும் சின்னஞ்சிறு தீவுக் கூட்டம் அது. அங்கிருந்து ஒருவர் தலைமைக்கு வர முடியும் என்றால், ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கொண்ட நமது சங்கங்களிலிருந்து ஒருவர் வாய் திறக்க முடியாதா?

16-ல் ஒன்று என்பது 19-ல் ஒன்பது என்ற பழைய வாக்குறுதிக்கு மிகவும் குறைவு என்பதை மறைக்கத் தேவையில்லை. ‘டாட் காம்’ விலையேற்றத்தை அந்த ஒன்று தடுக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் இருக்கிற இருக்கையிலும் ஆள் உட்காராவிட்டால் அதுவும் போய்விடும். 2000-ஆம் ஆண்டுத் தேர்தல் கற்றுத் தந்த பாடம் அதுதான்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, வணிகப் பெருமக்கள் தங்கள் கடையின் இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல கடைகளில் கணினி வேலை பார்த்துக் கொடுத்த தம்பி தன் பெயரிலேயே பதிவு செய்து வைத்திருப்பார். பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும் இடத்தில் கட்டிய கடை போன்றது அது. பதிவு நம் பெயரில் இருந்தால்தான் நாளை ஒரு தகராறு வரும்போது பேச நமக்கு உரிமை.

இரண்டாவதாக, டிராய் வெளியிடும் கலந்தாய்வு அறிக்கைகளைப் படித்துச் சுருக்கமாகச் சொல்ல ஒவ்வொரு சங்கத்திலும் இரண்டு மூன்று பேரை நியமிக்கலாம். கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இதற்குப் பெரிதும் உதவுவார்கள். பதில் எழுதும்போது அச்சடித்த ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்புவதைவிட, கேட்ட கேள்விக்கு நேராக, நம் கடையின் வரவு–செலவோடு பத்துப் பேர் எழுதுவது மேல். இந்த மாதம் யு.பி.ஐ. எத்தனை நேரம் நின்றது, அதனால் எத்தனை பில் போயிற்று, டேட்டாவுக்கு எவ்வளவு கட்டினோம் என்ற கணக்கு நம்மிடம்தான் இருக்கிறது. அதிகாரிகளிடம் இல்லை. நுகர்வோர் அமைப்புகளை டிராய் பதிவு செய்து கலந்து பேசுகிறது. நம் ஊரில் அப்படி ஓர் அமைப்பு இருந்தால் அதனோடு சேர்ந்தும் எழுதலாம்.

மூன்றாவதாக, ஐகேனின் ஆசிய–பசிபிக் பயனாளர் அமைப்பில் தனி நபர்களும் உறுப்பினராகலாம், கட்டணம் இல்லை. வணிக நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் வேறொரு பிரிவு இருக்கிறது. ஐகேன் கூட்டங்களை வீட்டிலிருந்தே கணினி வழியாகக் கேட்கலாம். 2008-ல் புது தில்லியிலும் 2016-ல் ஐதராபாத்திலும் அந்தக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. மறுபடி நம் நாட்டுப் பக்கம் வரும்போது நமது பேரமைப்பிலிருந்து ஒருவர் போய் உட்கார வேண்டும். திரும்பி வந்து அங்கே என்ன பேசினார்கள் என்று செயற்குழுவில் சொல்ல வேண்டும்.

எடைக்கல் முத்திரைக் கட்டணத்திலும், தொழில் வரியிலும், கடை திறக்கும் நேரத்திலும் நமது சங்கங்கள் பேசிப் பேசித்தான் பல சலுகைகளைப் பெற்றன. யாரும் தாமாக அழைத்துக் கொடுக்கவில்லை. இன்று கியூ.ஆர். அட்டை தொங்காத கடை இல்லை. வாட்ஸ்அப்பில் சரக்குப் பட்டியல் வராத வீடு இல்லை. நமது வியாபாரத்தில் ஒரு பகுதி அந்தச் சந்தைக்குப் போய்விட்ட பிறகு, அதன் விதியை எழுதும் மேஜையில் நமது பிரதிநிதியும் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதையும் ஒரு தீர்மானமாகச் சேர்க்கும்படி எல்லாக் கிளைச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.